நடுமூளையைத் தூண்டினால் மகன் நன்றாகப் படிப்பானா?

கேள்வி: எங்கள் பூர்விகம் வேலூர் பக்கம். பெங்களூரு அல்சூரில் பதினைந்து ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். மகனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. இரவு பதினோரு மணிவரை உட்கார்ந்து படிக்கிறான். காலையில் கேட்டால் பாதி மறந்துவிட்டது என்கிறான். அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் 100க்கு 38. என் நாத்தனார் மகள் ஒரு மையத்தில் 'நடுமூளைத் தூண்டல்' பயிற்சிக்குப் போகிறாள். கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசிக்கிறாள், நிறம் சொல்கிறாள். என் கண்ணாலேயே பார்த்தேன். மனிதர்கள் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள், மீதியை நாங்கள் திறந்துவிடுகிறோம், சேர்ந்த பிள்ளைகளில் 100க்கு 90 பேருக்கு மதிப்பெண் கூடியிருக்கிறது என்கிறார்கள். கட்டணம் 22,000 ரூபாய். என் வளையலை வைத்தாவது சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். சேர்க்கலாமா? வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்று மூன்று மொழிகள் அவன் மூளைக்குப் பாரமாகிவிட்டனவா?

பதில்: வளையலை அடகு வைக்காதீர்கள், சகோதரி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். காரணங்கள் பின்னால் வருகின்றன.

நாளைக் காலை மகனை ஜன்னலோரம் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வையுங்கள். அவனுடைய இரண்டு கண்களையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு பத்து வரை எண்ணுங்கள். கையை எடுத்த நொடியில் அவன் கண்மணியைப் பாருங்கள். நம் பிள்ளைகளின் விழி அடர்ந்த நிறம் என்பதால் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அகன்றிருந்த கறுப்பு வட்டம் சட்டென்று சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு உத்தரவு போடும் இடம்தான் நடுமூளை. விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் வருபவரின் கண்ணில் மருத்துவர்களான நாங்கள் டார்ச் அடித்துப் பார்ப்பதும் இதற்காகத்தான். உங்கள் மகனின் நடுமூளை அவன் பிறந்த நாள் முதல் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதில் தூண்டுவதற்குப் பாக்கி எதுவும் இல்லை.

மூளைத்தண்டின் மேல்நுனியில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும் பகுதி அது. கண்களை அசைப்பது, குக்கர் விசில் அடித்ததும் தலை அந்தப் பக்கம் திரும்புவது போன்ற வேலைகள் அதன் பொறுப்பில் இருக்கின்றன. டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அங்கே உண்டு. அவை அழிந்தால் பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் வருகிறது. கண்ணைக் கட்டியபின் எழுத்தைப் படிக்கும் வழி எதுவும் அதில் இல்லை. வெளிச்சம் விழித்திரையில் விழாமல் மூளைக்கு எழுத்து தெரியாது.

பத்து சதவீதக் கதைக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். பெரியவர்களின் மூளை 1.3 முதல் 1.4 கிலோ வரை இருக்கும். உடல் எடையில் இரண்டு சதவீதம்தான், ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. ஒரு சிறிய ரத்தக்குழாய் அடைத்து, கொட்டைப்பாக்கு அளவு இடம் செத்தாலே பேச்சு குழறுகிறது, கை விழுந்துவிடுகிறது. பத்தில் ஒன்பது பங்கு சும்மா கிடக்கும் உறுப்பாக இருந்தால், பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் எழுந்து வீட்டுக்கு நடந்து போயிருப்பார்கள்.

இனி அந்தக் கண்கட்டு. நாத்தனார் மகள் வாசித்ததை நீங்கள் பார்த்தது உண்மை. எதைப் பார்த்தீர்கள் என்பதுதான் கேள்வி.

தலைவலி என்று ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய தந்தை என்னிடம் அழைத்து வந்தார். பேச்சோடு பேச்சாக, மகள் இப்படிப் பயிற்சி எடுத்திருக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லி, வாசித்துக் காட்டச் சொன்னார். கறுப்புத் துணிப்பட்டையை அவளே கட்டிக்கொண்டாள். என் நாட்குறிப்பை மடியில் வைத்தாள். முகவாயைச் சற்றே தூக்கினாள். வாசித்தாள், தடுமாறாமல். நான் மருந்துச் சீட்டில் ஒரு சொல்லை எழுதி அவளுடைய நெற்றி உயரத்துக்குப் பிடித்தேன். பேச்சில்லை. "கீழே வையுங்கள் டாக்டர்" என்றாள். மூக்குத் தண்டின் இரண்டு பக்கமும் எந்தத் துணியும் முழுதாகப் படியாது. அந்தச் சந்து வழியாகக் கீழே இருப்பது தெரியும். உங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு நீங்களே பார்க்கலாம்.

தந்தையை வெளியே அனுப்பிவிட்டு, மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். வகுப்பில் மற்ற எல்லோரும் தெரிகிறது என்றார்கள், மூன்றாம் நாள் நானும் தெரிகிறது என்றேன், மிஸ் கைதட்டினார்கள், இப்போது அப்பாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது என்று அழுதாள். அந்தக் குழந்தையைப் பொய்க்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1951இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர், கல்லூரி மாணவர்களிடம் ஓர் அட்டையில் ஒரு கோட்டையும் இன்னோர் அட்டையில் மூன்று கோடுகளையும் காட்டி, மூன்றில் எது முதல் அட்டையில் இருந்த கோட்டின் நீளம் என்று கேட்டார். அறையில் இருந்த மற்றவர்கள், முன்பே பேசி வைத்தபடி, ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். கண்ணெதிரே விடை தெளிவாக இருந்தும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்களில் மாணவர்கள் கூட்டத்தோடு போனார்கள். வளர்ந்தவர்களே இப்படி என்றால் ஒன்பது வயது என்ன செய்யும்? இந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் வலிப்பது பணம் போவதல்ல. கைதட்டலுக்காக ஒரு குழந்தை பெற்றோரிடம் மறைக்கக் கற்றுக்கொள்கிறது. அந்தச் சுமை தலைவலியாகவும் வயிற்றுவலியாகவும் வெளியே வருகிறது.

கண்ணால் பார்த்ததும் ஏமாற்றலாம் என்பதற்கு உளவியல் பாடநூல்கள் எல்லாம் சொல்லும் ஒரு குதிரை இருக்கிறது. ஜெர்மனியில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொன்னது. 1904இல் ஒரு நிபுணர் குழு வந்து பார்த்துவிட்டு, இதில் மோசடி இல்லை என்று சொல்லிவிட்டது. மோசடி உண்மையிலேயே இல்லை. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் மட்டும் வேறு விதமாகச் சோதித்தார்: விடை தெரியாத ஒருவரைக் கேள்வி கேட்க வைத்தார். குதிரை தோற்றது. விடை தெரிந்தவர், சரியான எண் வந்ததும் தன்னையறியாமல் தலையை மயிரிழை அளவு நிமிர்த்துகிறார். குதிரை அதைக் கண்டு தட்டுவதை நிறுத்துகிறது. சோதிப்பவருக்கும் விடை தெரியக்கூடாது என்ற ஆராய்ச்சி விதியை அந்தக் குதிரையைப் போல யாரும் நமக்குப் புரிய வைத்ததில்லை.

ஆகவே அடுத்த முறை மையத்துக்காரர்கள் செய்து காட்ட வந்தால் ஒன்று கேளுங்கள். நான்கு நிறங்களில் ஐந்தைந்தாக 20 சீட்டுகள். வேறொருவர் குலுக்கி, உள்ளே இருப்பது தெரியாத கனத்த உறைகளில் போட்டு ஒட்டிவிட்டு வெளியே போய்விட வேண்டும். அறையில் இருக்கும் எவருக்கும் விடை தெரியக்கூடாது. பயிற்சியாளரே உட்கார்ந்து சொல்லட்டும். குழந்தைகளை இதில் இழுக்க வேண்டாம். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும். மூளைக்கு உண்மையிலேயே அப்படியொரு சக்தி இருந்தால் 18, 19 வர வேண்டும். சந்தேகப்படுகிறவர் அருகில் இருந்தால் சக்தி வேலை செய்யாது என்று யாராவது சொன்னால், உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

100க்கு 90 பேருக்கு மதிப்பெண் கூடியது என்கிறார்களே, அது பொய்யாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பயிற்சிக்குப் போகாத 100 பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கூடியது என்று கேட்டீர்களா? பாதியில் நின்றுவிட்டவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா? இன்னொன்றும் உண்டு. பெற்றோர் எப்போது பயிற்சியில் சேர்க்கிறார்கள்? மதிப்பெண் விழுந்தபோது. வழக்கமாக 50, 55 வாங்கும் பையன் ஒரு தேர்வில் காய்ச்சலாலோ கடினமான கேள்வித்தாளாலோ 38க்கு இறங்கினால், அடுத்த முறை யாரும் ஒன்றும் செய்யாமலேயே பெரும்பாலும் பழைய இடத்துக்குத் திரும்புவான். இடையில் எதைச் செய்திருந்தோமோ, அதற்குப் புகழ் போய்ச் சேரும். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பதை வைத்து, பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், மிகவும் விலகிப் போனது சராசரிப் பக்கம் திரும்பும் இந்த இயல்பை 1886இலேயே விளக்கிவிட்டார்.

நேர்மையான சோதனை எப்படி இருக்கும்? உத்தரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையை நினைத்துக்கொள்ளுங்கள். 200 பிள்ளைகளின் பெயர்களை எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, 100 பேரைப் பயிற்சிக்கும், மீதி 100 பேரை அதே நேரம் கேரம் ஆடுவதற்கும் அனுப்ப வேண்டும். குலுக்கி எடுப்பதால் கெட்டிக்காரர்களும் வசதியுள்ளவர்களும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுவார்கள். விடைத்தாள் திருத்துபவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக்கூடாது. அதற்குப் பிறகும் வித்தியாசம் இருந்தால்தான் பயிற்சிக்குப் பெருமை.

உங்கள் மகனுக்கு வருகிறேன். இரவு பதினோரு மணிவரை படித்து, காலையில் மறப்பது அவன் மூளையின் குறை என்று எனக்குத் தோன்றவில்லை. படிக்கும் முறையும் தூக்கமும்தான் காரணமாக இருக்கும். 6 முதல் 12 வயதுவரை ஓர் இரவுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் கற்றதை மூளை பதப்படுத்தி வைப்பதில் பெரும்பங்கு தூக்கத்தில் நடக்கிறது. பதினோரு மணிக்குப் படுத்து, பள்ளி வேனுக்காக ஆறு மணிக்கு எழுந்தால் ஏழு மணி நேரம்தான். ஒன்பது மணிக்கு விளக்கை அணையுங்கள். இதைச் செய்தால் படிப்பு குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள்.

திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுக்குக் கொண்டுவருவது வலிமையானது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சிறு பாடப்பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒன்றை இருமுறை படிக்க வைத்தார்கள். இன்னொன்றை ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்க்க வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்ததே முந்தியது: 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். இருமுறை படித்ததில் 42 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்ததில் 56. உங்கள் மகன் இரவில் 'எனக்குத் தெரியும்' என்று நம்பித் தூங்கப் போவதும் காலையில் பதில் தெரியாமல் விழிப்பதும் இதனால்தான். அப்போதுதான் வாசித்தது கண்ணுக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டே கேளுங்கள்: "இன்று அறிவியலில் என்ன நடத்தினார்கள்? புத்தகத்தைப் பார்க்காமல் சொல்." ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் சொல்லட்டும், உங்களுக்குப் புரியும்படி. தடுமாறினால் உடனே எடுத்துக்கொடுக்காமல் சற்றுப் பொறுங்கள்; அந்தத் திணறல்தான் பயிற்சி. அதே பாடத்தை இரண்டு நாள் கழித்தும், பிறகு ஒரு வாரம் கழித்தும் கேளுங்கள். கணிதத்துக்கு இது மட்டும் போதாது. நீள்வகுத்தலைப் பார்த்துப் படித்தால் வராது; தாளில் போட்டுப் போட்டுத்தான் கைக்கு வரும்.

மூன்று மொழி பாரம் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். 2013இல் ஹைதராபாத்தில் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. இது இருப்பதைக் கவனித்துச் சொன்ன ஆய்வு. குலுக்கிப் போட்டுச் செய்ததல்ல என்பதால், மொழிதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பல மொழி மூளையைக் கெடுக்கிறது என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. வீட்டில் தமிழிலேயே பேசுங்கள்.

சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள். கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறானா? அப்படியென்றால் முதலில் கண் பரிசோதனை. பேசும்போதோ சாப்பிடும்போதோ சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் தொடர்கிறானா? அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் சரியாகச் சொல்லத் தெரிந்தும் வாசிக்கவும் எழுதவும் மிகவும் திணறுகிறான் என்றால் கற்றல் குறைபாடு உண்டா என்று சோதிக்க வேண்டும். தூக்கத்தில் பலமாகக் குறட்டை, எப்போதும் சோர்வு, முகம் வெளுத்திருப்பது இவையும் கவனத்தைக் கெடுக்கும். உங்கள் ஊரிலேயே நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவும் உண்டு.

நாத்தனாரிடம் இதைப் பேசும்போது அந்தப் பெண் பக்கத்தில் இருக்க வேண்டாம். அவளை எல்லோர் முன்னாலும் சோதித்துவிடாதீர்கள். 'உனக்குத் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, யாரும் கோபிக்க மாட்டோம்' என்று அவளுடைய அம்மா தனியாகச் சொன்னால் போதும்.

நிம்ஹான்ஸில் மூளை அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. எந்த நாள், எந்த நேரம் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, பள்ளி விடுமுறையில் மகனை அழைத்துப் போங்கள். முடிந்தால் நாத்தனார் மகளையும். கண்ணாடிச் சாடிகளில் மனித மூளைகளை வைத்திருக்கிறார்கள். பதப்படுத்திய மூளை ஒன்றைக் கையில் வாங்கியும் பார்க்க விடுவார்கள். நடுமூளை எங்கே இருக்கிறது என்று கேட்டால் காட்டுவார்கள். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எதுவும் கேட்காதீர்கள். மறுநாள் மாலை, என்னென்ன பார்த்தாய் என்று வேலூரில் இருக்கும் பாட்டிக்குத் தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள்.