நுரை கெடாமல் பியரைக் கலப்பது எப்படி?

கேள்வி: பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் மதுக்கூடத்தில் வேலை செய்கிறேன். விருந்தினர்கள் பியரில் செய்த கொக்டெயில் கேட்கிறார்கள். ரம், ஜின் கலப்பது போலவே ஷேக்கரில் போட்டுக் குலுக்கினேன். ஒன்றில் பொங்கி வழிகிறது, இல்லாவிட்டால் சப்பென்று போய்விடுகிறது. எங்கே பிழை? எந்தப் பியரை வாங்குவது நல்லது? - கல்குடா வாசகர்

பதில்: பிழை குலுக்குவதில்தான் இருக்கிறது. பியரின் உயிர் அதில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வாயு என்பதால், தேசிக்காய்ச் சாறு, பாணி போன்ற மற்றவற்றையெல்லாம் முதலில் கிளாஸில் கலந்து குளிரவைத்துவிட்டு, பியரைக் கடைசியில், கிளாஸைச் சரித்துப் பிடித்து மெதுவாக ஊற்ற வேண்டும். அதன்பின் கரண்டியால் ஒரே ஒரு தடவை கிளறினால் போதும். 0 பாகை செல்சியஸில் கரையும் வாயுவில் பாதியைக்கூட 30 பாகையில் நீர் தாங்காது. நம்மூர் வெயிலில் கிளாஸையும் சாறையும் பியரோடு சேர்த்தே குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்வது இதனால்தான். ஐஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது உருகிச் சுவையை நீர்க்கச் செய்துவிடும்.

எதைச் சேர்ப்பது என்பதற்கு உலகம் ஏற்கெனவே நல்ல வழிகளைக் கண்டிருக்கிறது. ஜேர்மனியரின் ராட்லர், பாதி லாகர் என்னும் மென்சுவைப் பியரும் பாதி எலுமிச்சைச் சோடாவும் சேர்ந்தது. அந்தச் சொல்லுக்குச் சைக்கிளோட்டி என்று பொருள். ஆங்கிலேயரின் ஷாண்டியும் அதற்கு நெருங்கிய உறவுதான். மெக்சிக்கோவின் மிச்செலாடாவில் புளிப்பு, உப்பு, உறைப்பு மூன்றும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுவே, ஏனெனில் பியருக்குக் கசப்பூட்டச் சேர்க்கும் ஹொப்ஸ் பூவின் கசப்பை உப்பு நாக்கில் தணிக்கிறது, நம் சமையலறையிலும் அதற்கான எல்லாம் இருக்கின்றன. 15 மில்லிலீற்றர் தேசிக்காய்ச் சாறு, அதே அளவு சீனிப்பாணி, 10 மில்லிலீற்றர் இஞ்சிச் சாறு ஆகியவற்றில் கீறிய பச்சைக் கொச்சிக்காய் ஒன்றை இரண்டு நிமிடம் ஊறவிட்டு எடுத்தபின், 200 மில்லிலீற்றர் குளிர்ந்த லாகரை ஊற்றுங்கள். உப்பைக் கிளாஸின் வெளி விளிம்பில் மட்டும் ஒட்டுங்கள். ஒருமுறை ஒரு விருந்தில் உப்பைக் கிளாஸுக்குள்ளேயே தூவியதைப் பார்த்தேன். ஒவ்வொரு பரலிலும் வாயு குமிழியாகத் திரண்டு, கண்மூடித் திறப்பதற்குள் நுரை மேசைவிரிப்பை நனைத்துவிட்டது.

தேங்காய்ப்பாலைத் தவிர்த்துவிடுங்கள், கொழுப்பு நுரையை உடைக்கும். சரியாகக் கழுவாத கிளாஸின் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படியே. வெயிலில் உள்ள மேசைக்கும் அனுப்பாதீர்கள், சூரிய ஒளி பட்டால் ஹொப்ஸில் வேண்டாத ஒரு நாற்றம் பிறக்கும். பியர்ப் போத்தல் பழுப்பு நிறமாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

பியரின் பெயர் கேட்டிருந்தீர்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடை செய்வதால் இந்தக் கேள்வி பதில் பகுதியில் எந்தப் பெயரையும் எழுதுவதில்லை. கசப்புக் குறைந்த லாகர் புளிப்புக்கு ஒத்துப்போகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: ஸ்டவுட் என்னும் கரும் பியரில் ஏதாவது செய்யலாமா? - பொத்துவில் வாசகர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். வறுத்த தானியத்தின் கசப்புக்குக் கித்துள் பாணி மிகப் பொருத்தம். குளிர்ந்த பியரில் பாணி அடியில் தங்கிவிடும் என்பதால், 10 மில்லிலீற்றர் பாணியை ஒரு கரண்டி வெந்நீரில் இளக்கி, ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்த பின்பே ஸ்டவுட்டை ஊற்றுங்கள்.

கேள்வி: பியரில் சாராயமும் சேர்த்தால் சுவை கூடும் என்கிறார்கள், உண்மையா? - கல்லடி வாசகர்

பதில்: சுவையைவிட வலிமைதான் கூடும். 5 வீத அற்ககோல் கொண்ட 325 மில்லிலீற்றர் பியரில் ஏறத்தாழ 16 மில்லிலீற்றர் தூய அற்ககோல் இருக்கிறது. அதில் 40 வீதமுள்ள மதுவை 50 மில்லிலீற்றர் ஊற்றினால் மேலும் 20 சேர்கிறது. குடிப்பவர் ஒரு பியர் என்று நினைத்துக் குடிப்பது உண்மையில் இரண்டு பியருக்கும் மேல். இனிப்பும் குளிர்ச்சியும் அதை மறைத்துவிடுவதால் அவருக்கு அது தெரியவும் வராது. கட்டாயம் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் 15 மில்லிலீற்றரைத் தாண்டாதீர்கள், அதையும் கேட்பவரிடம் சொல்லிவிட்டே ஊற்றுங்கள்.