முதலில் சளி, அப்புறம் பிராணாயாமம்

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஆஸ்துமாவுக்கு யோகா எப்படி உதவுகிறது என்று எழுதியபோது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோயை ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போயிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இவை. நான் மருத்துவர் இல்லை. பெங்களூரில் 22 வருடமாக நெஞ்சு நோயாளிகளுக்கு பிசியோதெரபி செய்கிறவள், யோகா சிகிச்சையும் படித்தவள். அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று 9 வயதில்தான் தெரிந்தது. அதுவரை நிமோனியா, டிபி என்று மாற்றி மாற்றி மருந்து கொடுத்தார்கள். இப்போது தினமும் காலை மாலை நெபுலைசர், முதுகில் தட்டுவது, சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை. எங்கள் தெருவில் யோகா சொல்லித்தரும் ஒருவர், ஆறு மாதம் பிராணாயாமம் செய்தால் நெபுலைசரையே நிறுத்திவிடலாம், உப்பையும் நெய்யையும் குறைத்தால் போதும் என்கிறார். என் மாமியாரும் அவர் பக்கம்தான். மகளுக்கு நெபுலைசர் என்றாலே அழுகை. நான் என்ன செய்வது?
– ஓர் அம்மா, மர்ஃபி டவுன், பெங்களூர்

பதில்: அம்மா, நெபுலைசரை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். யோகாவைத் தாராளமாகத் தொடங்குங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி உங்களை நிற்க வைத்திருக்கிறார்களே, அதுதான் தப்பு.

உங்கள் மாமியாருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். உடம்பில் 7-ஆம் குரோமோசோமில் ஒரு மரபணு இருக்கிறது. 1989-இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். செல்லுக்குள்ளும் வெளியிலும் குளோரைடு உப்பு போய்வர வழிவிடும் வாசலை அந்த மரபணுதான் அமைக்கிறது. உங்கள் மகளுக்கு அந்த வாசல் சரியாகத் திறப்பதில்லை. அதனால் மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் சளியில் தண்ணீர்ப் பதம் குறைந்துபோகிறது. வடித்த கஞ்சியை மூடாமல் வைத்தால் மேலே ஏடு கட்டி, அப்புறம் பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும் இல்லையா, அந்த மாதிரி. அந்தச் சளியில் கிருமி குடியேறிவிட்டால் கிளப்புவது கஷ்டம். கணையத்திலும் இதே அடைப்பு என்பதால்தான் என்சைம் மாத்திரை. வியர்வையில் உப்பு கூடுதலாகப் போவதும் இதனால்தான். அவளுக்கு வியர்வைச் சோதனை செய்திருப்பார்கள். குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் இந்த நோய் என்று கணக்கு.

ஒட்டிக்கொண்ட கஞ்சியை எடுக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, அப்புறம் சுரண்டுகிறோம். நெபுலைசரில் போகும் உப்புத் தண்ணீர்தான் ஊறவிடும் வேலை. தட்டுவதும், வாயைத் திறந்து "ஹா" என்று ஊதும் ஹஃப் பயிற்சியும் சுரண்டும் வேலை. இந்த இரண்டையும் பிராணாயாமம் செய்து தராது. அடைத்திருக்கும் குழாய் வழியாக எவ்வளவு நிதானமாக மூச்சை இழுத்தாலும் அடைப்பு அடைப்பாகத்தான் இருக்கும்.

அந்த ஆசிரியர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆஸ்துமாவில் பார்த்ததை இங்கே கொண்டுவருகிறார். பெங்களூரைச் சேர்ந்த மருத்துவர் நாகரத்னாவும் நாகேந்திராவும் 1985-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 53 ஆஸ்துமா நோயாளிகள் இரண்டு வாரம் யோகா கற்றுக்கொண்டு, அப்புறம் தினமும் 65 நிமிடம் செய்துவந்தார்கள். அவர்களுக்கு மூச்சுத் திணறல் குறைந்தது, மருந்தும் குறைந்தது. நம் ஊர் யோகாவுக்கு அது பெரிய மரியாதை தேடித் தந்தது, எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் இறுகுகிறது, பிறகு தளர்கிறது. உங்கள் மகளுக்குப் பிறவியிலேயே சளியின் பதம் வேறு. அவள் நோயில் யோகாவைப் பற்றி நடந்திருக்கும் ஆய்வுகள் மிகச் சிறியவை. அவற்றை வைத்து மருந்தைக் குறைக்கலாம் என்று எவரும் சொல்ல முடியாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. யோகா படித்து முடித்த புதிதில், இதே நோயுள்ள 17 வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். அன்று காலை அவன் சளி எடுத்தானா என்று கேட்கவில்லை. உற்சாகத்தில், மூச்சை வெடுக்கென்று வெளித்தள்ளும் கபாலபாதியை வேகமாகச் செய்ய வைத்தேன். மூன்றாவது சுற்றில் இருமினான். கைக்குட்டையில் ரத்தம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள், அவன் தேறிவிட்டான். அதற்கு முந்தின வாரமும் சளியில் ரத்தக் கீற்று இருந்ததாக அவன் அம்மா அப்புறம் சொன்னார். நான் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். அந்தக் கைக்குட்டையை நான் மறக்கவில்லை. இன்று யார் வந்தாலும் பாய் விரிக்கும் முன் இரண்டு கேள்வி கேட்கிறேன்: இன்றைக்குச் சளி எடுத்தாச்சா? சமீபத்தில் ரத்தம் ஏதாவது வந்ததா?

சரி, யோகாவை எங்கே பொருத்துவது? காலையில் முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. அப்புறம் உப்புத் தண்ணீர் நெபுலைசர். அது நடக்கும்போது அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கட்டும். முடிந்ததும் சளி எடுக்கும் பயிற்சி. இதில் ஆசனத்தைக் கலந்துகொள்ளலாம்: பூனை மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்தும் மார்ஜரியாசனம், கையைத் தூக்கிப் பக்கவாட்டில் சாய்வது, உட்கார்ந்தபடி இடுப்பைத் திருப்பும் வக்ராசனம். நான்கைந்து முறை செய்ததும் ஹஃப். கண்ணாடியைத் துடைக்க ஆவி ஊதுவோமே, அப்படி வாயைத் திறந்து "ஹா" என்று ஊதுவது. தொண்டையைக் கிழிக்கும் இருமல் வேண்டாம். சளி வந்தால் துப்பட்டும், விழுங்கக் கூடாது. நெபுலைசரில் ஆன்டிபயாடிக் இருந்தால் அது எல்லாவற்றுக்கும் பிறகு, குழாய் சுத்தமான பின்.

அதன் பிறகுதான் பிராணாயாமம், பத்து நிமிடம். மூச்சை அடக்காமல், ஒவ்வொரு மூக்குத் துளையாக மாற்றி மூச்சுவிடும் நாடி சுத்தி, பிறகு பிராமரி. வெளிவிடும் மூச்சில் வண்டு மாதிரி முரலும்போது நெஞ்சுக்குள் அதிர்வது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மூச்சை அடக்கும் கும்பகம், துருத்தி மாதிரி வேகமாக மூச்சுவிடும் பஸ்திரிகா, வேகமான கபாலபாதி மூன்றும் வேண்டாம். தலைகீழ் ஆசனங்களும் வேண்டாம், இந்தப் பிள்ளைகள் பலருக்கு வயிற்று அமிலம் மேலே ஏறும் தொந்தரவு உண்டு. கல்லீரல், மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் தனுராசனம், மயூராசனம் போல வயிற்றை அழுத்தும் எதையும் செய்யக் கூடாது.

உப்பு, நெய் விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபமே வருகிறது. அவளுக்கு உப்பு வியர்வையில் போய்க்கொண்டே இருக்கிறது. மார்ச், ஏப்ரல் வெயிலில் இன்னும் அதிகம். உப்பைக் குறைத்தால் சோர்ந்து விழுவாள், வாந்தி எடுப்பாள், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும். எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பது என்று அவளுடைய மருத்துவர் சொல்வார். அவளுக்குக் கொழுப்பும் வேண்டும், என்சைம் மாத்திரை இருப்பதே அதைச் செரிக்கத்தான். நெய் விட்ட பருப்பு சாதமும் ஊறுகாயும் அவளுக்கு மருந்தின் ஒரு பகுதி என்று மாமியாரிடம் சொல்லுங்கள். பேத்திக்கு நெய் ஊற்றும் வேலையை அவரிடமே ஒப்படையுங்கள். பாட்டிகள் அதை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. வெறும் வயிற்றில்தான் யோகா என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடவும் வேண்டாம். முழுச் சாப்பாடு ஆகியிருந்தால் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்.

இப்படி இவ்வளவு நிபந்தனை போட்டுவிட்டு யோகா எதற்கு என்று கேட்பீர்கள். இருமி இருமி இந்தப் பிள்ளைகளின் தோள் முன்னால் வளைந்துவிடுகிறது, முதுகு கூன் போடுகிறது, நெஞ்சுக்கூடு இறுகிவிடுகிறது. நெஞ்சை விரிக்கும் ஆசனங்கள் அங்கே வேலை செய்கின்றன. அதைவிட, மூச்சு முட்டும்போது வரும் பயம் இருக்கிறதே, அந்தப் பயத்தில் கழுத்துத் தசையெல்லாம் இழுத்துக்கொண்டு மூச்சு இன்னும் மேலோட்டமாகிறது. வெளிமூச்சை நீட்டப் பழகிய பிள்ளை அந்த நேரத்தில் தன்னைத் தானே பிடித்து நிறுத்திக்கொள்ளும். இதை ஆய்வறிக்கை பார்த்துச் சொல்லவில்லை, என் அறையில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறேன். 13 வயதில் அவளுக்கு நடப்பதெல்லாம் பிறர் செய்வது: நீங்கள் தட்டுகிறீர்கள், நர்ஸ் குத்துகிறார், மிஷின் ஊதுகிறது. ஆசனம் மட்டும் அவளே செய்வது. அன்றைக்கு எந்த மூன்று ஆசனம், என்ன பாட்டு ஓட வேண்டும் என்பதை அவள் முடிவு செய்யட்டும். நெபுலைசர் ஓடும் நேரத்திலும் அந்தப் பாட்டே ஓடட்டும். அழுகை குறைகிறதா என்று ஒரு மாதம் பாருங்கள்.

காய்ச்சல், சளியில் ரத்தம், ஒரு பக்கம் திடீரென்று குத்தும் நெஞ்சுவலி, இதில் ஒன்று வந்தாலும் யோகாவை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எனக்கு வயது 26. மென்பொருள் வேலை, வைட்ஃபீல்டு. எனக்கும் இதே நோய், மிதமான அளவில். அறையைச் சூடாக்கிச் சொல்லித்தரும் யோகா வகுப்பில் சேர நினைக்கிறேன். அங்கே என்னைப் போலவே இன்னொருவரும் வருகிறார், துணையாக இருக்கும். சைனஸுக்காக, மூக்கில் தண்ணீர் விட்டுக் கழுவும் நேதிப் பாத்திரமும் வாங்கியிருக்கிறேன். சரிதானே?
– வாசகர், வைட்ஃபீல்டு

பதில்: தம்பி, சூடான அறை வேண்டாம். ஒரு மணி நேரம் அங்கே வியர்த்தால் எவ்வளவு உப்பு போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொருவர் விஷயம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். உங்கள் இருவரின் நுரையீரலிலும் வெவ்வேறு கிருமிகள் இருக்கலாம். சூடோமோனாஸ், பர்க்ஹோல்டேரியா போன்றவை மற்றவர்களை ஒன்றும் செய்யாமல் உங்களுக்குள் மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவக்கூடியவை. அதனால் இந்த நோயுள்ள இருவர் ஒரே அறையில் பயிற்சி செய்யக் கூடாது. திறந்த வெளியிலும் ஆறடி தள்ளித்தான் நிற்க வேண்டும். நட்பை விட்டுவிடாதீர்கள். இருவரும் அவரவர் வீட்டில் பாய் விரித்து வீடியோ காலில் சேர்ந்து செய்யுங்கள். என்னிடம் வரும் இரண்டு பேர் பல மாதமாக அப்படித்தான் செய்கிறார்கள், நேரில் பார்த்ததே இல்லை.

நேதி செய்வதற்கு முன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், மூக்கில் சதை வளர்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே தங்கிவிடும். அவர் சம்மதித்தாலும் குழாய்த் தண்ணீர், டேங்கர் தண்ணீர் கூடவே கூடாது. நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீரில் உப்புச் சேர்த்துச் செய்யுங்கள். பாத்திரத்தை ஒவ்வொரு முறையும் கழுவி, ஈரம் இல்லாமல் காயவையுங்கள். நான் சொன்ன சூடோமோனாஸுக்கு ஈரமான இடம்தான் வீடு.

கேள்வி: என் அண்ணன் குழந்தைக்கு இந்த நோய். அண்ணி எங்கள் அத்தை மகள்தான். மறுபடி உண்டாகியிருக்கிறார். கர்ப்பகால யோகா செய்தால் அடுத்த குழந்தைக்கு வராமல் தடுக்கலாமா?
– வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: தடுக்க முடியாது அம்மா. தாய், தகப்பன் இருவரிடமும் பழுதான மரபணு ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் சாத்தியம் கூடுகிறது. இதில் யார் மேலும் குற்றம் இல்லை. முதல் குழந்தையின் மரபணு அறிக்கையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மரபியல் ஆலோசனைக்குப் போகச் சொல்லுங்கள். கருவில் சோதிக்கும் வசதி இருக்கிறது, அதற்கு வாரக்கணக்கு முக்கியம். யோகா அண்ணியின் முதுகுவலிக்கும் தூக்கத்துக்கும் நல்லது, அதற்காகச் செய்யட்டும்.

கேள்வி: நான் யோகா ஆசிரியர். அல்சூரில் மாலை வகுப்பு நடத்துகிறேன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு வந்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. சேர்க்கலாமா?
– வாசகர், அல்சூர்

பதில்: சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. கேட்டு எழுதினீர்களே, அதற்கே நன்றி. அந்தப் பெண்ணின் மருத்துவரிடமிருந்து எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் வைத்திருந்தால் ஆசனத்தின்போதும் கழற்ற வேண்டாம். காற்று வரும் ஜன்னல் பக்கம் இடம் கொடுங்கள், ஊதுபத்தியும் சாம்பிராணியும் அன்றைக்கு வேண்டாம். வகுப்பில் வேறு யாருக்காவது சளி, காய்ச்சல் இருந்தால் அவர்களை அன்று வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் நடுவில் இருமுவாள், மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு டிபி இல்லை, இந்த நோய் யாருக்கும் தொற்றாது என்பதைச் சொல்லலாமா என்று முதலில் அவளிடமே கேளுங்கள். சம்மதித்தால் முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். இருமல் வந்தால் எழுந்து வெளியே ஓட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் பாய்க்குப் பக்கத்தில் ஒரு டிஷ்யூ பெட்டியும் மூடியுள்ள குப்பைக்கூடையும் வைத்துவிடுங்கள்.