நடுவழியில் ரயில் ஏறினால் மானம் போய்விடுமா?

கேள்வி: ஒசாகாவில் ஐந்து வருடமாக இருக்கிறோம். நவம்பர் முதல் வாரத்தில் என் ஆபீஸ்காரர்கள் எட்டுப் பேர் பிவா ஏரியைச் சைக்கிளில் சுற்றப் போகிறார்கள், என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் மாய்பராவில் காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஒரே நாளில் 150 கிலோமீட்டர். சொந்தமாக ரோடு பைக் இருக்கிறது, ஆனால் இதுவரை ஓட்டியதில் அதிகபட்சமே 45 கிலோமீட்டர்தான். "பாதியில் நின்றால் மானம் போய்விடும், பேசாமல் இரு" என்கிறார் கணவர். போகட்டுமா?

பதில்: போங்கள். ஆனால் 150-ஐயும் ஓட்ட நினைக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். ஏரியை முழுசாகச் சுற்றினால் 200 கிலோமீட்டர் வரும். தெற்கே பாலத்தில் குறுக்கே வெட்டி வருவதால் உங்கள் ஆட்களுக்கு 150. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் மிதித்தாலே ஏழரை மணி நேரம் ஆகிவிடும், அப்புறம் சிக்னல், சாப்பாடு, யாராவது ஒருத்தருக்குக் கட்டாயம் பங்சர், போட்டோ எடுக்க நிற்கும் கூட்டம் எல்லாம் சேர்ந்தால் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. நவம்பரில் அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். நன்றாக ஓட்டுகிறவர்களுக்கே இது இறுக்கமான திட்டம்தான். ஆறு மணிக்குக் கிளம்பலாமா என்று கேட்டுப் பாருங்கள், எப்படியும் முன்னும் பின்னும் விளக்கு மாட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது நல்ல சேதி. பிவா ஏரியைச் சுற்றி ரயில் ஓடுகிறது, கிழக்குக் கரையிலும் சரி, மேற்குக் கரையிலும் சரி. ஜப்பானில் வண்டிகள் இடதுபுறம் போவதால் சைக்கிள்காரர்கள் ஏரியை இடது கையில் வைத்துக்கொண்டு சுற்றுவார்கள். அப்படி மாய்பராவிலிருந்து நாகஹாமா வழியாக வடக்கே ஏறி, கைஸு ஓசாகி முனையைத் திரும்பி, மேற்குக் கரையில் இருக்கும் இமாஸு வரைக்கும் அறுபது கிலோமீட்டர் சொச்சம். மொத்தச் சுற்றிலும் அழகான பகுதி, என்னைக் கேட்டால், இதுதான். மலை ஏரி வரைக்கும் இறங்கி நிற்கும், வண்டிகள் குறைவு, நடுவில் சின்ன ஏற்றங்கள் உண்டு, கியரைக் குறைத்து மெதுவாக ஏறிவிடலாம். இமாஸுவில் கோசேய் லைன் ரயில் பிடித்தால் கியோட்டோ வழியாக வீடு. அதற்குத் தெற்கே ஷிராஹிகே கோவிலின் வாசல் தண்ணீருக்குள் நிற்குமே, அது தவறிப்போகும், போகட்டும். அந்த இடத்தில் 161-ஆம் நம்பர் சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போகும், களைத்த காலோடு போகிற இடமில்லை அது.

இமாஸுவில் கழன்றுகொள்வேன் என்பதைக் கூட்டிப்போகிறவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு மூச்சு வாங்கும்போது அல்ல. நான் ஒரு தடவை வாய் திறக்காமல் வேகமான கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு போனேன், நாற்பது கிலோமீட்டர் பெருமையாக, அப்புறம் கால் இரண்டும் மரக்கட்டை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஆறு பேர் எனக்காக நின்றார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது 55 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஒருவர் பின்னால் ஒருவராகப் போகும்போது சட்டென்று பிரேக் பிடிக்கக்கூடாது, பள்ளம் வந்தால் பின்னால் வருகிறவருக்குக் கை காட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு பேசுவதற்கு அங்கே சட்டத்தில் இடமில்லை, கதையெல்லாம் நிற்கிற இடத்தில்தான். பசிக்கும் வரை காத்திருக்காமல் முக்கால் மணிக்கு ஒரு தரம் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ வாயில் போடுங்கள்.

ரயிலில் ஏற்ற, சக்கரத்தைக் கழற்றிச் சைக்கிளை முழுக்க ஒரு பைக்குள் மூட வேண்டும். ரின்கோ பை என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். வீட்டில் இரண்டு மூன்று தடவை கட்டிப் பழகாமல் போய்விடாதீர்கள், பிளாட்பாரத்தில் முதல் தடவை செயினைத் தொடுகிறவர் கிரீஸில் குளித்துவிடுவார். பலத்த காற்று அடித்தால் கோசேய் லைன் நின்றுவிடும், அதனால் கிளம்புமுன் காற்று எப்படி என்று பாருங்கள்.

உங்கள் கணவருக்கு மானத்தைப் பற்றி அவ்வளவு கவலை என்றால், அன்று மதியம் தயிர்சாதம் கட்டிக்கொண்டு ரயிலில் இமாஸு ஸ்டேஷனுக்கு வந்து நிற்கச் சொல்லுங்கள். ஊறுகாயை மறக்க வேண்டாம்.