ஆயிரம் பேரைத் தெரியும், ஒருவரிடமும் கேட்கவில்லை

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். இன்ஸ்டாவைத் திறந்தால் டேட்டா சயின்ஸ் படி, ஏ.ஐ. படி என்கிறார்கள். வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்டின் தளத்தில் என்னோடு படிக்கிறவர்கள் தினமும் ஒரு சான்றிதழ் போடுகிறார்கள். எனக்கும் அங்கே 1,100 கனெக்‌ஷன் இருக்கிறது, ஆனால் யாரிடமும் பேசியதில்லை. கோர் வேலைக்கு, அதாவது படித்த துறையிலேயே வேலைக்குப் போவதா, ஐ.டி.க்கு மாறுவதா என்று குழப்பம். ஒரு இன்ஸ்டா பக்கத்தில் 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று 45,000 ரூபாய்க்கு ஆறு மாத கோர்ஸ் நடத்துகிறார்கள். அம்மா, நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார். பேசாமல் எல்லா ஆப்பையும் அழித்துவிட்டுப் படிப்பை மட்டும் பார்க்கட்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் நகை. அடகு வைக்க வேண்டாம்.

வேலைக்கு உத்தரவாதம் என்று பொய் விளம்பரம் செய்யக் கூடாது என்று பயிற்சி மையங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரிலேயே நெறிமுறை வெளியிட்டுவிட்டது. அதற்குப் பிறகும் ஒருவர் 'நூறு சதவீதம்' என்று எழுதுகிறார் என்றால், நீங்கள் யோசிக்க வேண்டிய முதல் விஷயம் அதுதான். அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: 'போன முறை படித்தவர்களில் வேலை கிடைத்த இரண்டு பேரிடம் நான் பேச வேண்டும், ஏற்பாடு செய்ய முடியுமா?' பதிலாக இன்னொரு ரீல்ஸோ, 'இன்று இரவு வரைதான் சலுகை' என்ற அவசரமோ வந்தால், விஷயம் முடிந்தது. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். உங்களுக்கு வேலை கிடைப்பதைப் பொறுத்து அந்த கோர்ஸ் நடத்துகிறவருடைய வருமானம் இல்லை. நீங்கள் கட்டுவதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. உங்களுக்குப் பயம் கூடக் கூட அவருக்கு வியாபாரம் கூடும். கல்லூரிப் பிள்ளைகளின் பதற்றத்தை இப்படிக் காசாக்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த கோர்ஸில் இருக்கும் பாடங்களில் பெரும்பகுதியை ஐ.ஐ.டி. பேராசிரியர்களே என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாக நடத்துகிறார்கள். சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022-லிருந்து உங்களுடையது போன்ற கல்லூரிகளில் நடக்கிறது. அதில் உங்கள் துறைக்கு இந்தப் பருவத்தில் என்ன பயிற்சி என்று கேட்டுவிட்டீர்களா?

அடுத்தது சான்றிதழ்கள். கூடப் படிக்கிறவர்கள் போடுவதைப் பார்த்து நாம் பின்தங்கிவிட்டோம் என்று தோன்றுகிறது. கல்யாண ஆல்பத்தைப் பார்த்து அந்த வீட்டுக் குடித்தனத்தை எடை போட முடியுமா? சான்றிதழ் போட்டவர் அந்தப் பாடத்தில் எவ்வளவு புரிந்துகொண்டார், அதை வைத்து ஒரு சர்க்யூட்டாவது செய்தாரா என்பதெல்லாம் அந்தப் படத்தில் இருக்காது. அரியர் விழுந்ததை யாரும் லிங்க்டின்னில் போடுவதில்லை. பத்து நிறுவனங்கள் திருப்பி அனுப்பியதையும் போடுவதில்லை. இன்னொன்று, சில கல்லூரிகள் மாணவர்களை வற்புறுத்தி இப்படிப் போட வைக்கின்றன. அது கல்லூரிக்கு விளம்பரம். அதை உங்கள் தகுதிக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதைப் படித்ததும் 'சரி, அப்போ அழித்துவிடலாம்' என்று நினைப்பீர்கள். அதைத்தான் செய்யக் கூடாது என்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, 1,100 பேர் இருந்தும் யாரிடமும் பேசியதில்லை என்பது.

அப்பா பொறியாளராக இருக்கும் வீட்டில், எந்த நிறுவனத்தில் என்ன வேலை, எங்கே போனால் வளரலாம், எங்கே போனால் மூன்று வருடத்தில் சலித்துப்போகும் என்பதெல்லாம் சாப்பிடும்போதே பிள்ளையின் காதில் விழுந்துவிடும். மாமா ஒரு போன் போட்டால் இன்டர்ன்ஷிப் கிடைத்துவிடும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த மாமா இல்லை. மதிப்பெண்ணில் நீங்கள் அவர்களுக்குச் சமமாக இருக்கலாம், இந்த இடத்தில்தான் இடைவெளி விழுகிறது. அதை ஓரளவுக்காவது அடைக்கக் கூடிய வழி, இப்போது உங்கள் கையில் இருக்கும் அந்த போன்தான். அதில் இன்ஸ்டா ரீல்ஸை அழிப்பதானால் தாராளமாக அழியுங்கள், நல்லதுதான். லிங்க்டின்னை அழித்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

இது வெறும் என் அபிப்பிராயம் இல்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டன் நகரத்தை ஒட்டிய நியூட்டனில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், 'அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்' என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 56 பேருக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் கிட்டத்தட்ட 28 பேர், அபூர்வமாகப் பார்ப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள். நெருங்கிய நண்பர்களைவிட, கொஞ்சமாகத் தெரிந்தவர்களே அதிகம் உதவியிருக்கிறார்கள். காரணம் எளிது. உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 60 பேர் இருந்தால், அந்த 60 பேருக்கும் தெரிந்தது ஒரே சங்கதி. எல்லாரும் ஒரே ரீல்ஸைப் பார்த்து, ஒரே பயத்தைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். புதுத் தகவல் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறவரிடம்தான் இருக்கும்.

லிங்க்டின்னிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2 கோடிப் பேரின் கணக்குகளை ஐந்து ஆண்டுகள் வைத்து நடத்திய ஆய்வு 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. முற்றிலும் அறியாதவரும் பெரிதாக உதவவில்லை, மிக நெருங்கியவரும் உதவவில்லை. நடுவில் இருப்பவர், அதாவது இருவருக்கும் பொதுவாகச் சிலரைத் தெரிந்திருக்கும் அளவுக்கு ஒட்டும் ஒட்டாமலும் இருப்பவர்தான் புது வேலைக்கு அதிகம் வழிகாட்டினார். உங்கள் விஷயத்தில் அது யார்? உங்கள் கல்லூரியில் இதே துறையில் படித்து இரண்டு, மூன்று வருடம் முன்னால் வெளியே போன அக்காவும் அண்ணனும்தான். லட்சம் பேர் பின்தொடரும் பிரபலத்துக்கு நீங்கள் யாரோ. அந்த அக்காவுக்கு நீங்கள் அப்படி இல்லை. அவரும் அதே லேபில் அதே பழைய மோட்டாரை ஓட்டியவர்.

அப்புறம், அந்த ஆய்வில் உங்களுக்கென்றே சொன்ன மாதிரி இன்னொரு விவரமும் உண்டு. சாஃப்ட்வேர் போல டிஜிட்டல் சார்ந்த துறைகளில்தான் இந்தத் தூரத்து அறிமுகம் நன்றாக வேலை செய்தது. அவ்வளவாக டிஜிட்டல் சாராத துறைகளில் நெருக்கமான பழக்கமே உதவியது. ஆகவே கோர் பக்கம் போவதானால் போனில் செய்தி அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். நேரில் போங்கள், பட்டறையில் நில்லுங்கள், முகம் பழகட்டும்.

செய்தி எப்படி அனுப்புவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'சார், வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்று எழுதினால் பதில் வராது. அவர் கையில் வேலை இல்லை, இல்லை என்று சொல்லவும் சங்கடம், அதனால் பேசாமல் இருந்துவிடுவார். வேலை கேட்காமல் விவரம் கேளுங்கள். இப்படி எழுதலாம்: 'வணக்கம் அக்கா. நம் கல்லூரியில் இ.இ.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் சோலார் நிறுவனத்தில் இருப்பதைப் பார்த்தேன். ஒரு சாதாரண நாளில் காலையிலிருந்து மாலை வரை என்ன வேலை செய்வீர்கள்? நாம் படித்ததில் எந்தப் பாடம் அங்கே உதவுகிறது? நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுதினால் போதும்.' பத்துப் பேருக்கு அனுப்புங்கள். பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள், மனசு உடைய வேண்டாம். பதில் போட்டவரிடம் கடைசியாக, 'இதைப் பற்றி இன்னும் யாரிடம் கேட்கலாம்?' என்று கேளுங்கள். 1,100 பேர் சேர்த்ததைவிட அந்த ஒரு கேள்வி உங்களை அதிக தூரம் கொண்டுபோகும். சம்பளத்தையும் கேளுங்கள், முதல் செய்தியில் வேண்டாம், பேச்சு வளர்ந்த பிறகு. பெண்களுக்கு ஷிப்ட் எப்படி, சைட் வேலை எப்படி, விடுதி எங்கே என்பதையும் ஒரு பெண்ணிடமே கேளுங்கள். இதையெல்லாம் எந்த ரீல்ஸும் சொல்லாது.

கோரா, ஐ.டி.யா? உங்களுக்காக நான் முடிவெடுக்க மாட்டேன், ஆனால் இ.இ.இ. செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் மாவட்டத்தையே சுற்றிப் பாருங்கள். கங்கைகொண்டானில் டாடா பவரின் சோலார் செல் ஆலை. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட்டில் இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன, இன்னும் நான்கு கட்டப்படுகின்றன. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தாயிற்று. ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் காற்றாலைகளைப் பேருந்தில் போகும்போதே பார்க்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் மின் பொறியாளர் வேண்டும். அதற்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. தனியார் கோர் வேலையில் ஆரம்பச் சம்பளம் பெரும்பாலும் குறைவு, ஏறுவதற்கு நாளாகும், வீட்டில் உடனே பணம் தேவைப்பட்டால் அது நிஜமான கஷ்டம். கோடிங் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, உட்கார்ந்தால் நேரம் போவது தெரியவில்லை என்றால் ஐ.டி.க்குப் போங்கள். பெரிய சாஃப்ட்வேர் நிறுவனங்கள் பல எல்லாத் துறை பொறியியல் மாணவர்களையும் எடுக்கின்றன. மற்றவர்கள் போகிறார்கள் என்பதற்காக மட்டும் போகாதீர்கள். இரண்டுக்கும் நடுவிலும் இடமிருக்கிறது. மின்சார வண்டியின் பேட்டரி மேலாண்மை, மோட்டார் கட்டுப்பாடு, எம்பெடட் (கருவிக்குள்ளேயே பொருத்தும் சிறு கணினி) வேலை இதிலெல்லாம் மின்சாரமும் தெரிய வேண்டும், கோடிங்கும் தெரிய வேண்டும். கணினி மட்டும் படித்தவர் அங்கே உங்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டெலிகிராமிலோ இன்ஸ்டாவிலோ 'தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம், விமான டிக்கெட் இலவசம்' என்று வந்தால் தொடாதீர்கள். அப்படிப் போன நம் ஊர்ப் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், அடைத்து வைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு வந்தவர்களில் 13 பேர் தமிழர்கள். படித்தவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள், ஆங்கிலமும் கணினியும் தெரிந்தவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்கக் கூடாது. ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930. உங்கள் விடுதித் தோழிகளுக்கும் சொல்லிவையுங்கள்.

இனி நேரில் போவது பற்றி. விடுமுறையில் இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்கு, அதாவது வேலை நடக்கும் இடத்திலேயே சில நாள் பயிற்சிக்கு, ஏதாவது ஒரு ஆலையிலோ துணைமின் நிலையத்திலோ இடம் கேளுங்கள். பெரும்பாலும் கல்லூரியின் கடிதம் கேட்பார்கள். பட்டம் முடித்த பிறகு ஒரு வருட அப்ரென்டிஸ் பயிற்சியும் இருக்கிறது, உதவித்தொகையோடு. சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் அதைக் கவனிக்கிறது. நெய்வேலி என்.எல்.சி.யும், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் இப்படிப் பட்டதாரிகளை எடுத்திருக்கின்றன. அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இப்போதைக்கு இன்-பிளான்ட் கடிதத்தைத் துறைத் தலைவரிடம் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். விடுமுறை நெருங்கிவிட்டால் எல்லாக் கல்லூரியிலிருந்தும் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போகும், இடம் கிடைப்பது சிரமம்.