ரத்தப் பரிசோதனை இருக்கட்டும், முதலில் காலைப் பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. எண்ணூர் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால், நண்டு பிடிப்பவர். எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றில் எண்ணெய் கலந்ததிலிருந்து உடம்பெல்லாம் அரிப்பு, கால் கருத்துவிட்டது, முடி கொட்டுகிறது. போன வாரம் காக்கா ஆழி என்கிற சிப்பியின் ஓடு கிழித்துப் பாதத்தில் காயம், இன்னும் ஆறவில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறார். தண்ணீரில் இருக்கும் ஈயம், பாதரசத்தால் புற்றுநோய் வரும் என்று வீடியோவில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. உலோகப் பரிசோதனை எடுக்கலாமா? அந்த மீனைச் சாப்பிடலாமா?
வாசகி, எண்ணூர்

மருத்துவர் பதில்:

அம்மா, நீங்கள் தூக்கம் கெட்டிருப்பது புற்றுநோயை நினைத்து. எனக்குக் கவலை அந்தக் காயத்தைப் பற்றித்தான்.

சர்க்கரை உள்ளவர், பாதத்தில் திறந்த காயம், ஒரு வாரமாகியும் ஆறவில்லை, அதோடு தினமும் கழிமுகத் தண்ணீர். இந்த நாலும் சேர்ந்துவிட்டால் 'பார்த்துக்கலாம்' என்று விடவே கூடாது. கடலும் ஆறும் கலக்கிற வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா வகை இயல்பாகவே இருக்கும், அதற்குச் சாக்கடை கூட வேண்டியதில்லை. அதில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒன்று, சின்னக் கீறல் வழியாக உள்ளே போனாலும் மளமளவென்று பரவிச் சதையை அழுகவைத்துவிடும். அந்தத் தொற்று வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் இறந்துபோகிறார்கள், சிலர் ஒன்றிரண்டு நாளிலேயே. அபூர்வமான தொற்றுதான். ஆனால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அது மிகவும் கொடூரம். அது வந்திருந்தால் இந்த ஒரு வாரத்தில் தெரிந்திருக்கும், அதனால் இந்தக் காயத்தில் இப்போது அது இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அதே காயத்தோடு அவர் தினமும் தண்ணீரில் இறங்குகிறார் இல்லையா? இது போதாதென்று கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் ஊர்ச் சாக்கடையை எல்லாம் கொண்டுவந்து சேர்க்கும் இடம் அது.

இப்போதே அவரை உட்காரவைத்து, காயத்தைச் சுற்றி வீக்கமும் சிவப்பும் எதுவரை இருக்கிறதோ அந்த ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக, பளபளப்பாக, இறுக்கமாக இருக்கும் இடம்தான் எல்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் அது கோட்டைத் தாண்டினால், அல்லது கருநீலமாகக் கொப்புளம் எழும்பினால், காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், நடுராத்திரி என்றாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். காயம் சின்னதாகத் தெரியும்போதே வலி தாங்க முடியவில்லை என்றாலும் அப்படியே. 'வலியே இல்லை' என்று அவர் சொன்னால் அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். எட்டு வருடச் சர்க்கரையில் பாதத்து நரம்பு மரத்துப்போயிருக்கலாம்.

கோட்டைத் தாண்டவில்லையா, சரி, நாளைக் காலையிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே முதல் வாக்கியமாக, 'கழிமுகத் தண்ணீரில் பட்ட காயம், இவருக்குச் சர்க்கரை இருக்கிறது' என்று சொல்லுங்கள். இதைக் கேட்டால் மருத்துவர் யோசிக்கும் மருந்தே வேறு. குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், கல்லீரல் விஷயம் முக்கியம். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டிவிட்டதா என்றும் கேட்பார்கள்.

அந்த மெடிக்கல் மாத்திரையைப் பற்றி எழுதும்போதே கோபம் வருகிறது. எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியவில்லை. தப்பான ஆன்டிபயாடிக்கை அரைகுறையாகப் போட்டால் காயம் ஆறுவதுபோல மேலே மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் வைக்கும், கடைசியில் விரலையோ காலையோ எடுக்கிற நிலைமைக்கு வரும். வாங்கிய அட்டையைத் தூக்கிப்போடாமல் கையோடு கொண்டுபோங்கள். காயத்தில் மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம்.

இப்போது புற்றுநோய். வருடக்கணக்கில் எண்ணெய் தோய்ந்த துணியோடு வேலை செய்தால் தோல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும், அதை மறைக்கமாட்டேன். ஆனால் வீடியோவில் மிரட்டுகிற மாதிரி இன்றைக்கு நாளைக்கு வரும் விஷயம் அது இல்லை. அரிப்புக்கும் கருப்புக்கும் பெரும்பாலும் எண்ணெய், அனல்மின் நிலையச் சாம்பல், உப்புத் தண்ணீரால் வரும் ஒவ்வாமையோ, ஈரத்தில் வளரும் படையோதான் காரணம். தோல் மருத்துவர் பார்த்தாலே சொல்லிவிடுவார். படைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் போட்டால் முதலில் அடங்கும், அப்புறம் உடம்பு முழுக்கப் பரவும். வாரக்கணக்கில் ஆறாத புண்ணோ வளர்ந்துகொண்டே வரும் மருவோ இருந்தால் தள்ளிப்போடாமல் அவரிடம் காட்டுங்கள். முடி கொட்டுவதை விடுங்கள். உலோகப் பரிசோதனைப் பேக்கேஜுக்கும் பணம் கொட்ட வேண்டாம். அந்தக் காசில் மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி எடுத்தால் அவருக்கு உண்மையிலேயே பிரயோஜனம்.

மீன்? நன்றாகக் கொதித்த குழம்பில் கிருமி சாகும், உலோகம் போகாது. சேற்றிலேயே கிடக்கும் ஆழி, மட்டி, கழிமுக நண்டு இவற்றில்தான் அது அதிகம் சேரும், அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்கவே வேண்டாம். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் யாரும் தொடக் கூடாது. கடலில் போய்ப் பிடித்துவரும் மத்தி, கானாங்கெளுத்தி தாராளமாகச் சாப்பிடுங்கள்.

தண்ணீரில் இறங்காதே என்று எழுதுவது எனக்குச் சுலபம், அவருக்கு அதுதான் சோறு. 2017-இல் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது எண்ணூர்க் கரையில் வாளியால்தான் அள்ளினார்கள். அடுத்த ஏழு வருடத்துக்குள் மறுபடியும் எண்ணெய். தண்ணீரைக் கெடுத்தவர்கள் கரையில் பத்திரமாக இருக்க, அதில் நிற்பவர் மட்டும் உடம்பால் விலை கொடுப்பது அநியாயம், இதைச் சொல்லாமல் மருந்து மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

காயம் முழுக்க ஆறும்வரை இறங்கவே கூடாது, அதில் பேரமில்லை. அப்புறம் வெறுங்காலோடு வேண்டாம். முழங்கால் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொள்ளும், உள்ளே தண்ணீரும் நிரம்பும். கெட்டியான அடியுள்ள பழைய கேன்வாஸ் ஷூவை இறுக்கிக் கட்டிக்கொள்வது நல்லது. கரையேறியதும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவி இளக்கிவிட்டு அப்புறம் சோப்பு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், தோல் வெந்துபோகும். ராத்திரி படுக்கும்முன் அவர் பாதம் இரண்டையும் நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள், அவருக்குத் தெரியாத கீறல் உங்கள் கண்ணில் படும்.