ஆறு வருட சப்மெர்சிபிள்: மாற்றலாமா, ஓடவிடலாமா?

கேள்வி: எங்கள் போர்வெல்லில் 7.5 எச்.பி. சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கியே ஓடும் பம்பு மோட்டார்) ஆறு வருடமாக ஓடுகிறது. 200 லிட்டர் டிரம் முன்பு 50 விநாடியில் நிறையும், இப்போது 70 ஆகிறது. "எப்ப வேணா எரிஞ்சிரும், புதுசு போட்டுருங்க" என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். தண்ணீர் குறைவது வேறு, மோட்டார் எரிவது வேறு. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுத்தான் கமிஷன் வியாபாரம் நடக்கிறது.

ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் போட்டதும் டிரம்மைப் பிடியுங்கள். அரை மணி கழித்து மறுபடியும். முதலில் 50, அப்புறம் 70 என்றால் பம்பில் குறையில்லை, ஊற்று குறைந்திருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே 70 என்றால், பக்கத்துத் தோட்டங்களிலும் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே குறையவில்லை என்றால் மணல் அரித்து பம்பில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரும், தண்டைத் தாங்கும் புஷ்ஷும் தேய்ந்திருக்கலாம். ஆனால் பைப்பில் ஓட்டை இருந்தாலும் இதே அறிகுறிதான். ஓடும்போது போர் வாயில் காதை வையுங்கள், ஓட்டை இருந்தால் உள்ளே தண்ணீர் பீச்சும் சத்தம் கேட்கும். நிறுத்திப் போட்டால் தண்ணீர் மேலே வர வழக்கத்தைவிட நேரமாகும். ஒரு பைப் மாற்றினால் தீரும் வேலைக்கு முழு செட்டையே விற்றுவிடுவார்கள், ஜாக்கிரதை.

எரிவதற்கு வயது பெரிய கணக்கில்லை. மூணு பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போவது, வோல்டேஜ் விழுவது, தண்ணீரில்லாமல் ஓடுவது, இடி: இதெல்லாம் புது மோட்டாரையும் ஒரே நாளில் எரிக்கும். பேனலைத் திறந்து பாருங்கள். அடிக்கடி கட் ஆகிறதென்று ப்ரிவென்டரை (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) வேலை செய்யவிடாமல் டைரக்ட் செய்துவைத்திருந்தால் உடனே சரிசெய்யச் சொல்லுங்கள். கட் ஆவதுதான் அதன் வேலை! 415 வோல்ட் வரவேண்டிய லைன் கடைக்கோடித் தோட்டத்தில் 350-க்கு விழுகிறது. மின்வாரியத்தில் புகார் கொடுத்தால் டிரான்ஸ்பார்மரில் லோடு அதிகம் என்று நம்மிடமே சொல்கிறார்கள். எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றி காயில் கட்டும் செலவு மட்டும் நம் தலையில்.

எலக்ட்ரீஷியனை வைத்து, பேனலில் கேபிளைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை மெகர் (காயிலிலும் கேபிளிலும் கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்து எழுதிவையுங்கள். போருக்குள் இருக்கும் மோட்டாருக்கு 2 மெகா ஓமுக்கு மேல் இருந்தால் நல்லது, 1 இருந்தாலும் ஓடும். ஒரே ரீடிங்கைக் காட்டி "காயில் போச்சு" என்பவரை நம்பாதீர்கள். 5, 3, 1 என்று மாதாமாதம் இறங்கினால் மோட்டாரை வெளியே தூக்கிவிடுங்கள். தூக்கியதும் முதலில் கேபிள் ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், பல சமயம் ஈரம் இறங்குவது அங்கேதான்.

காயில் கட்டத்தான் வேண்டுமென்றால் பட்டறையில் கூடவே நில்லுங்கள். பழைய காப்பரை உங்கள் கண்முன் எடைபோட்டு பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் மோட்டாரை வண்டியில் ஏற்றி அடுத்த பட்டறைக்குப் போங்கள்.