பெயர்த்து வைத்த வீடுகளும் பெயர்க்க முடியாத வீடுகளும்

இம்முறை வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் நான்கு, பழைய வீடுகளைப் பற்றியே கேட்கின்றன. அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா காட்சியகத்துக்குப் போக எண்ணியிருக்கிறேன். பழைய வீடுகளைப் பார்ப்பதற்காக அவ்வளவு தூரம் போவது தகுமா? எப்படிப் போவது? எதைப் பார்ப்பது?
– வாசகி, திருவொற்றியூர்

தாராளமாகப் போய் வாருங்கள். மாமியாரை அழைத்துச் செல்வது மிக நல்ல முடிவு. அங்கே வைக்கப்பட்டிருக்கும் உரலையும் மரக்காலையும் பற்றி எந்த அறிவிப்புப் பலகையும் சொல்லாத செய்திகளை அவர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்.

1984-இல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் என்னும் அமைப்பு, தமிழகம், கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் மரபு வீடுகளைப் பத்து ஏக்கர் நிலத்தில் ஒருங்கே நிறுத்தி, 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. வளாகத்தின் அமைப்பைத் திட்டமிட்டவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். பணியைத் தொடர்ந்து வளர்த்தவர் பென்னி குரியாகோஸ். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள். மெட்ரோவில் சென்ட்ரல் வரை வந்து, பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூரில் இறங்கினால், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் செல்லும் பேருந்துகள் முட்டுக்காடு வழியாகவே போகின்றன.

எல்லா வீடுகளையும் ஒரே நாளில் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். மூன்று வீடுகள் போதும். செட்டிநாட்டு வணிகர் வீட்டுத் திண்ணையில் முதலில் சற்று நேரம் உட்காருங்கள். பிறகு, கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியில் 1850-இல் கட்டப்பட்ட சிரியன் கிறித்தவர் வீட்டுக்குப் போய், நெல்லைச் சேமிக்க வீட்டுக்குள்ளேயே மரத்தால் அறை அமைத்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மூன்றாவதாகக் காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டைப் பார்த்தால், தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் எவ்வாறு இடத்தைப் பங்கிட்டுக்கொண்டன என்பது விளங்கும். வெயில் ஏறும் முன்பே போய்விடுவது முதியவருக்கு நல்லது.

கேள்வி: பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்து எடுத்து வேறிடத்தில் நிறுத்தினால், அது வீடா, பொம்மையா? சமைக்காத அடுப்பையும் ஆளில்லாத கூடத்தையும் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?
– வாசகர், மண்ணடி

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. பக்கத்து வீட்டுக்காரரும், தெருக்கிணறும், மாலையில் எந்தப் பக்கமிருந்து காற்று வரும் என்று தெரிந்து வைத்த சன்னலும் சேர்ந்ததுதான் வீடு. இவற்றில் எதையும் லாரியில் ஏற்ற முடியாது.

ஆனால், அந்த வீடுகள் பெயர்த்து எடுக்கப்பட்டபோது, ‘ஊரிலேயே இருக்கட்டுமா, காட்சியகத்துக்குப் போகட்டுமா’ என்ற தேர்வு பெரும்பாலும் யாருக்கும் வாய்க்கவில்லை. காட்சியகமா, பழைய மரக்கடையா என்பதே அன்றைய கேள்வி. ஆர்தர் ஹசேலியஸ் 1891-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சன் என்னும் திறந்தவெளிக் காட்சியகத்தைத் தொடங்கியதும் இதே கவலையினால்தான். தொழிற்சாலைகள் பெருகப் பெருக, சுவீடனின் கிராம வாழ்க்கை கண்முன்னே மறைந்துகொண்டிருந்தது.

பெயர்க்கும் வேலையையும் சற்று அறிந்துகொள்ள வேண்டும். முதலில் வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் எடுக்கிறார்கள். தூண், உத்தரம், கைமரம், நிலை, கதவு என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இட்டு, அதே எண்ணை வரைபடத்திலும் குறிக்கிறார்கள். அதன் பின்னரே ஓடு இறங்குகிறது. பழைய தச்சர்கள் ஆணியை நம்பாமல், மரத்தின் செதுக்கிய முனையான கழுந்தைத் துளையில் இறக்கி ஆப்பு அடித்துப் பூட்டிய காரணத்தால், ஆப்பைத் தட்டினால் மரம் சேதமின்றிக் கழன்றுவிடும். சேருமிடத்தில் எண் பார்த்து மீண்டும் பூட்டலாம். இந்தக் காரணத்தால்தான் மரவீடுகள் பயணம் செய்கின்றன. மண்சுவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆந்திரக் கடலோரத்தின் வட்ட வடிவ மண்வீட்டைப் போன்றவற்றை, அந்த முறை தெரிந்த கைகளைக் கொண்டு புதிதாகவே கட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது.

அடுப்பு எரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அளவுகள் அப்படியே இருக்கின்றன. நிலைவாசலில் தலை குனிந்தால்தான் உள்ளே போக முடியும் என்பதைப் புகைப்படம் உங்கள் கழுத்துக்குச் சொல்லாது. வெளியே கண் கூசும் வெயிலிலிருந்து தாழ்வாரத்துக்குள் ஓர் அடி வைத்ததும் உடம்பு குளிர்வதை, முற்றத்து வெளிச்சம் கூடத்தின் பாதிவரை வந்து நின்றுவிடுவதை, அங்கே நின்றுதான் அறிய வேண்டும். அதற்காகவே போகச் சொல்கிறேன்.

கேள்வி: நாற்பது மாணவர்களை முட்டுக்காடு வரை அழைத்துச் செல்ல எங்கள் பள்ளிக்கு வசதி இல்லை. அருகில் எதைக் காட்டலாம்?
– ஆசிரியை, தண்டையார்பேட்டை

ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. அடுத்து, பழைய ஜெயில் சாலையில் உள்ள மாடிப் பூங்காவுக்குப் போகலாம். பிரெஞ்சுப் படை 1758–59-இல் சென்னையை முற்றுகையிட்டுப் போன பிறகு, கறுப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியைச் சுற்றி எழுப்பிய மதிலில் எஞ்சிய துண்டு அது. அந்த மதிலுக்காகக் குடிமக்களிடம் வாங்க நினைத்த வரியின் பெயர்தான் இன்றும் வால்டாக்ஸ் சாலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால், மாணவர்கள் அந்தச் சாலையை மறக்கமாட்டார்கள். நேரமிருந்தால் அரண்மனைக்காரத் தெருவில் 1772-இல் கட்டப்பட்ட ஆர்மீனியர் ஆலயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டனார் கட்டிய வீட்டை, பங்காளிகள் அனைவரும் சேர்ந்து விற்க முடிவு செய்துவிட்டோம். வாங்குபவர் இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார். தேக்குத் தூண்கள், முற்றம், சுண்ணாம்புச் சுவர் எல்லாம் இன்னும் நன்றாக இருக்கின்றன. தட்சிணசித்ரா போன்ற இடத்துக்கு இந்த வீட்டைக் கொடுக்க வழியுண்டா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் வீடு முழுவதும் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையை உங்களுக்குத் தர எனக்கு மனம் வரவில்லை.

நம் பகுதி வீடுகள் வரிசை வீடுகள். உங்கள் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் பல இடங்களில் ஒன்றே. அதைப் பெயர்த்தால் அவர் வீடு நிற்காது. மேல்தளமோ மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்கோணத்தில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிணைத்து, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. ஒருமுறை இறுகிய பிறகு அதைத் துண்டு துண்டாக உடைக்கத்தான் முடியும். கட்டைகள் மட்டும் மிஞ்சும்.

நான் வளர்ந்த தெருவில் ஒரு வீட்டை இடித்தபோது, அதன் இரட்டைக் கதவுகள் மீன்பாடி வண்டியில் ஏறிப் போனதைப் பார்த்திருக்கிறேன். குமிழ்களில் அந்த வீட்டு அம்மா வெள்ளிதோறும் இட்ட மஞ்சளும் குங்குமமும் தடிப்பாக அப்படியே இருந்தன. அந்த வீட்டை ஒருவரும் அளக்கவில்லை, ஒரு படம்கூட எடுக்கவில்லை. அது எத்தனை கட்டு வீடு என்பதில்கூட இன்று எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.

உங்களுக்கு அது நேர வேண்டாம். பத்திரம் கைமாறும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பங்காளிகள் அனைவரும் இதற்கென ஒதுக்குங்கள். அளவு நாடாவை எடுத்து, திண்ணையிலிருந்து கொல்லைவரை ஒவ்வோர் அறையின் நீளம், அகலம், உயரம், சுவரின் கனம் ஆகியவற்றைக் குறித்து வரைபடம் போடுங்கள். கட்டடக்கலை படிக்கும் மாணவர் யாரேனும் கிடைத்தால் மகிழ்ச்சியோடு உதவுவார். ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படமெடுங்கள். குடும்பத்தில் மூத்தவர்களை வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்து, எந்த அறையில் யார் பிறந்தார்கள், நெல்மூட்டை எங்கே இருந்தது, முதல் மின்விளக்கு எங்கே எரிந்தது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அந்தப் படங்களையும் வரைபடத்தையும் காட்டி, தூண்களும் நிலைக்கதவும் வேண்டுமா என்று காட்சியகத்துக்கு எழுதுங்கள். மறுத்தால், மரக்கடைக்குப் போகும் முன் உங்களில் புதுவீடு கட்டுபவர் யாரென்று பாருங்கள். பாட்டனாரின் நிலையை அந்த வீட்டு வாசலில் நிறுத்துவதற்கு ஒரு தச்சர் இருந்தால் போதும். சுவரில் பதிந்த விளக்கு மாடத்தை மட்டும் எடுக்க முயலாதீர்கள், அது உதிர்ந்துவிடும்; கடைசி நாளன்று அதில் ஒரு விளக்கேற்றிப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.